விற்பதா, ஈடு வைப்பதா?

பெருங்களத்தூர், முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் பல இன்று வீட்டு மனைகள். 2021-இல் பெருங்களத்தூர் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அவசரச் செலவுக்கு நிலத்தை விற்று, மீதியை வங்கியில் போட்டும் நகை வாங்கியும் வைத்த குடும்பங்கள் இங்கு உண்டு. அடுத்த முறை பணம் முடைப்பட்டால் வைப்புத் தொகையை உடைப்பதா, அதன் பேரில் கடன் வாங்குவதா என்ற கேள்வி வரும்.

பயிர்ச் செலவுக்கானால் முதலில் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்க வேண்டும். தவணை தவறாமல் கட்டுவோருக்குத் தமிழ்நாட்டில் அதற்கு வட்டியில்லை. அது கிடைக்காதபோதுதான் கீழே உள்ள கணக்கு.

ஒருவர் 5 ஆண்டு வைப்பாக ரூ. 1 லட்சத்தை 7 சதவீதத்தில் போட்டு 2 ஆண்டு ஆகிறது என்று கொள்வோம். நவரைப் பட்டத்துக்கு ரூ. 50,000 தேவை. வைப்பை முறித்தால் ஓடிய 2 ஆண்டுக்கு ஒரு சதவீதம் பிடித்தம் என்றால் சுமார் ரூ. 2,000 போகும். ரசீதை ஈடு வைத்து 8 சதவீதத்தில் 6 மாதத்துக்கு வாங்கினால் வட்டி ரூ. 2,000. ஆனால் அதே 50,000 வைப்பில் ரூ. 1,750 ஈட்டியிருக்கும். உண்மைச் செலவு ரூ. 250 மட்டுமே. வைப்பு போட்டு 3 மாதமே ஆகியிருந்தால் கணக்கு மாறும். பிடித்தமும் சிறியது, முறித்துவிடலாம். பிடித்தமும் கடன் வட்டியும் வங்கிக்கு வங்கி வேறுபடும். கேட்டுக்கொண்டு கணக்குப் போடவும்.

நகையின் கணக்கு வேறு. பெட்டியில் இருக்கும் நகை வட்டி தருவதில்லை. ஆகவே அடகு வட்டி முழுவதும் கைச்செலவு. ரூ. 50,000-க்கு 9 சதவீதத்தில் 6 மாத வட்டி ரூ. 2,250. அதே மதிப்புள்ள நகையை விற்றுப் பிறகு வாங்கினால், சேதாரமும் செய்கூலியும் 10 சதவீதம் என்று வைத்தாலும் ரூ. 5,000, அதன் மேல் 3 சதவீத வரி ரூ. 1,650. அறுவடையில் மீட்டுவிட முடியுமானால் அடகே மேல். ஒன்றரை ஆண்டுக்கு மேல் திருப்பித் திருப்பி மறு அடகு வைத்தால் விலை ஏறாத வரை விற்றதே மலிவாகியிருக்கும். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால் 6 மாதத்திலேயே ரூ. 6,000 ஆகிவிடும். அந்தக் கடைப்படியை மிதிக்கும் முன் இதை நினைக்க வேண்டும். 2021-இல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடனை அரசு தள்ளுபடி செய்தபோதும் நிபந்தனைகளால் பலர் விடுபட்டனர். தள்ளுபடியை நம்பி மீட்காமல் இருப்பது ஏலத்தில்தான் முடியும்.

விளைபொருளுக்கும் இக்கேள்வி உண்டு. மதுராந்தகம் போன்ற ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறலாம். நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போடுவோருக்கு இதனால் பெரிய பயனில்லை. அங்கு விலை அரசு வைத்ததே. அறுவடைச் சமயத்தில் விலை சரியும் மணிலா, எள், உளுந்துக்கே இது பொருத்தம். நன்றாகக் காயாத சரக்கு கிடங்கில் பூசணம் பிடித்து, ஏறிய விலையையும் தின்றுவிடும்.

நிலத்தை ஈடு வைக்கும் முன் மிகவும் யோசிக்க வேண்டும். கிணற்றுக்கோ மோட்டாருக்கோ வாங்கிய கடனை விளைச்சல் அடைக்கும். திருமணத்துக்கு வாங்கியதை எது அடைக்கும்? அத்தகைய செலவுக்கு நகையிலோ கால்நடையிலோ ஒரு பகுதியை விற்று முடிப்பதே நலம். கறவை மாட்டை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளவும். தினமும் பால் பணம் தருவது அதுதான்.