பின் சீட்டுக்கு மட்டும் அளவெடுத்த தம்பிக்கு



நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. கட்டிங் சுத்தம். பட்டையும் பக்கிளும் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. புதுப்பேட்டையில் ரெக்சின் வெட்டிப் பழகிய கை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. ஆனால் ஏழு படத்தில் ஏழும் பின் சீட். முன் சீட் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் போன் பண்ணாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிண்ணே, சரிண்ணே" என்றுவிட்டு மறுநாளே மறந்துவிடுவாய்.

குண்டு தடுக்கும் சீட் பேனலுக்கு ஆர்டர் வந்திருக்கிறது, வேண்டும்போது மாட்டிக்கொள்ளலாம், கழற்றி வேறு வண்டியில் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். நானும் குஷன் கடையில் கூடமாட வேலை செய்து, பிறகு அமீரகத்தில் ராஸ் அல் கைமாவில் வண்டிக்குக் கவசம் போடும் பட்டறையில் 22 வருஷம் சீட் தைத்தவன்தான். அங்கே வெல்டருக்குத்தான் மரியாதை. கதவுக்குள் தகடு இறக்குகிறவர்கள் பெரிய ஆட்கள், நாங்கள் வெறும் தையல்காரர்கள். கழற்றி மாட்டும் பேனல் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிய பிறகுதான் எங்கள் மேஜைப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் பறந்த அமெரிக்கச் சிப்பாய்கள் மார்பில் போட வேண்டிய கவச உடுப்பைக் கழற்றி, மடித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். குண்டு கீழேயிருந்து அல்லவா வரும்! 2003-க்குப் பிறகு ஈராக்கிலும் அதே கதைதான். வண்டித் தரையில் மணல் மூட்டை, கதவில் குப்பை மேட்டிலிருந்து பொறுக்கிய இரும்பு. எந்தப் பக்கமிருந்து அடி விழும் என்பது உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தெரியும். நாம் அவன் சொல்வதைக் கேட்டுத் தைக்கிறவர்கள்.

சினிமாவை மட்டும் மறந்துவிடு. ஹீரோ கார்க் கதவைத் திறந்து அதன் மறைவில் குந்திக்கொள்வார், இருபது பேர் சுட்டாலும் ஒன்றும் ஆகாது. நிஜத்தில் அந்தக் கதவின் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பிஸ்டல் குண்டே அதைத் தாண்டி வரும். ஃபோமும் ஸ்பிரிங்கும் குண்டுக்கு ஒரு பொருட்டே இல்லை. காரில் நம்பி ஒளியக்கூடிய பாகம் என்றால் இன்ஜின் பிளாக்தான்.

சீட் தடுக்காது என்பதோடு போனால் பரவாயில்லை, சில நேரம் சீட்டே ஆளைக் கொன்றிருக்கிறது. 1942 மே 27, பிராக் நகரம். ஹெய்ட்ரிக் என்ற நாஜி அதிகாரி கூரை திறந்த மெர்சிடிஸ் காரில் போகிறான். யூதர்களைக் கூண்டோடு அழிக்கத் திட்டம் போட்டவர்களில் முதல் வரிசை ஆள். அவனுக்காக எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வளைவில் காத்திருந்தவர்களில் ஒருவரின் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அந்த நொடியில் டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்திருந்தால் ஹெய்ட்ரிக் தப்பியிருப்பான். ஆனால் அவனே நிறுத்து என்றான், எழுந்து நின்று தன் பிஸ்டலை எடுத்தான். இன்னொருவர் வீசிய குண்டு பின் சக்கரத்தின் பக்கம் வெடித்தது. இரும்புச் சிதறலோடு சீட்டுக்குள் அடைத்திருந்த பஞ்சும் குதிரை முடியும் சேர்ந்து அவன் உடம்புக்குள் போய்விட்டன. ஆபரேஷன் நடந்தது, ஆனாலும் காயம் சீழ் பிடித்து ஜூன் 4-ஆம் தேதி செத்தான். அந்தக் காலத்தில் அங்கே சீட்டுக்குக் குதிரை முடி, நம் ஊர் பஸ்ஸுக்குத் தேங்காய் நார். இதைப் படித்த நாளிலிருந்து சீட்டைக் கிழித்து உள்ளே கை விடும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும்.

இதற்கு நேர் எதிரான சம்பவம் 1962 ஆகஸ்ட் 22, பாரிஸ் பக்கத்தில் பெத்தி கிளாமார். பிரெஞ்சு அதிபர் டி கோலும் அவர் மனைவியும் சிட்ரோன் காரின் பின் சீட்டில். கவசம் எதுவும் கிடையாது. சரமாரியாகச் சுட்டார்கள், கண்ணாடி நொறுங்கியது, டயர் போயிற்று. டிரைவர் மட்டும் நிறுத்தவில்லை. காற்றில்லாத டயரோடு ஓட்டி விமான தளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கணவன் மனைவி இருவருக்கும் காயம் இல்லை. அந்தக் காரின் சஸ்பென்ஷனைப் புகழ்வார்கள், புகழட்டும். பின் சீட்டில் இருந்தவர்களைக் காப்பாற்றியது முன் சீட்டில் இருந்தவரின் இரண்டு கையும் ஒரு காலும்தான்.

இப்போது உன் ஏழு படங்களைத் திரும்ப எடுத்துப் பார்.

ராஸ் அல் கைமாவில் எனக்கு வரும் ஆர்டர் தாளிலும் இப்படித்தான் இருக்கும்: பின் சீட், வலது, பின் சீட், இடது. பணம் கொடுப்பவர் உட்காரும் இடத்துக்குத்தான் அளவு. ஒருமுறை ஒரு முதலாளியிடம் கேட்டேவிட்டேன், டிரைவருக்கு வேண்டாமா என்று. "அவன் வேகமாக ஓட்டுவான்" என்றார். டிரைவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், திருநெல்வேலிக்காரர். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் மறுபேச்சுப் பேசாமல் பின் சீட்டுக்கு மூன்று தைத்துக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டேன்.

குண்டடிபட்ட வண்டிகளும் ரிப்பேருக்கு வரும். பின் கதவில் ஓட்டை, டிக்கியில் ஓட்டை, பின் தூணில் ஓட்டை. பையன்கள் எண்ணிப் பார்த்து, "பின்பக்கம்தான் நிறைய படுது, அங்கேயே இன்னும் கனமாகப் போடலாம்" என்பார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். எங்கள் ஃபோர்மேன் ஒரு நாள் கேட்டார்: "டிரைவர் சீட்டில் ஓட்டை விழுந்த வண்டி ஏன் நம்மிடம் வருவதில்லை?" யாரும் வாய் திறக்கவில்லை. அது திரும்பி வந்தால்தானே நம் பட்டறைக்கு வரும்.

இரண்டாம் உலகப் போரில் ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியல் மேதை குண்டுவீச்சு விமானங்களைப் பற்றி இதே கணக்கைத்தான் போட்டார் என்று ஃபோர்மேன் அன்றைக்குச் சொன்னார். திரும்பி வந்த விமானத்தில் எங்கே ஓட்டை இல்லையோ அந்த இடம்தான் ஆபத்தான இடம். அங்கே பட்டவை திரும்பவில்லை. பிறகு நானாகத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த மனிதர் 1950 டிசம்பரில் நம் நீலகிரி மலையில் விமானம் மோதி மனைவியோடு இறந்துபோனார் என்று. கோத்தகிரிக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், எனக்கு யாரும் சொன்னதில்லை.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். நாலாவது படத்தில் பேனல் முழுக்க வைர டிசைன் தையல் ஓட்டியிருக்கிறாய். அழகுதான், பிரித்துவிடு. உள்ளே இருக்கும் கெவ்லர் மாதிரியான அராமிட் துணிக்கு இரண்டு எதிரி: வெயில், தண்ணீர். வெயில் பட்டால் நிறம் மாறி நூல் நலிந்துபோகும். நனைந்தால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், குண்டைப் பிடித்து நிறுத்தும் சக்தி குறையும். அதனால்தான் அந்த அடுக்கை வெளிச்சமும் தண்ணீரும் புகாத உறையில் போட்டு விளிம்பை ஒட்டித் தருகிறார்கள். நீ ஊசி இறக்கிய ஒவ்வொரு இடமும் தண்ணீருக்கு வாசல். டிசைன் வேண்டுமானால் வெளி உறையில் போட்டுக்கொள். உள் அடுக்கு தனியாக, ஊசி படாமல், பாக்கெட்டுக்குள் போய் உட்கார வேண்டும்.

பாலிஎத்திலீன் பேனல் இன்னும் லேசு, தண்ணீருக்கும் பயப்படாது. ஆனால் சூடு ஆகாது. உருக 150 டிகிரி வரை போக வேண்டும் என்று விற்பவர் சொல்வார், உண்மைதான். அதற்கு வெகு முன்பே பலம் குறையத் தொடங்கிவிடும் என்பதைச் சொல்லமாட்டார். மே மாதம் மூடிய காருக்குள் 60 டிகிரி சாதாரணம். கழற்றும் பேனலைத்தான் ஆட்கள் கழற்றி டிக்கியில் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள். சூடு உடம்பில் போடும் உடுப்பையே விட்டுவைத்ததில்லை. ஜைலான் என்ற நூலைக் கேள்விப்பட்டிருக்கிறாயா? கெவ்லரைவிட உசத்தி என்று கொண்டாடினார்கள். சூட்டிலும் ஈரத்திலும் உள்ளுக்குள் சிதைந்துகொண்டே இருந்தது போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியவில்லை. 2003-இல் பென்சில்வேனியாவில் ஒரு போலீஸ்காரர் போட்டிருந்த உடுப்பைக் குண்டு துளைத்துப் போனது. 2005 ஆகஸ்டில் அமெரிக்க நீதித் துறை அந்த நூலில் செய்த உடுப்புகளுக்கான அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. வாங்கும் பேனலில் தயாரித்த தேதி இல்லையென்றால் கையில் தொடாதே.

எடையைப் பற்றியும் வாடிக்கையாளரிடம் மழுப்பாதே. 50-க்கு 60 செ.மீ. சீட் முதுகுக்குப் பிஸ்டல் தாங்கும் துணி அடுக்கு ஒன்றரை, இரண்டு கிலோவில் முடிந்துவிடும். ஏகே ரகத் துப்பாக்கியின் குண்டு பிஸ்டல் குண்டைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் வரும், துணி தாங்காது. அதற்கு செராமிக் வேண்டும், அல்லது தடித்த கவச இரும்பு. 6 மி.மீ. இரும்பு அந்த அளவுக்கு 14 கிலோ. 14 கிலோவை வெல்க்ரோவில் ஒட்டி வைத்தால் மோதலில் என்ன ஆகும் தெரியுமா? பெரிய மோதல் ஒன்றில் 20 ஜி சாதாரணமாக வரும். அந்த நொடிக்கு அது 280 கிலோவாகி முதுகில் இடிக்கும். குண்டு படாமலே ஆள் காலி. பட்டை சீட்டின் இரும்புச் சட்டத்தைச் சுற்றிப் போக வேண்டும், ஃபோமைச் சுற்றி அல்ல. இன்னொன்று, பட்ட குண்டு இரும்பில் சிதறி ஓரங்களில் பாயும், கழுத்துக்கு நேராக. அதன்மேல் துணி அடுக்கு இல்லாமல் வெறும் தகட்டைக் கொடுத்துவிடாதே.

எங்கே தொங்கவிடுவது என்று கேட்டிருந்தாய். முடிந்தவரை சீட்டின் பின்புறம், முதுகுக்கும் பேனலுக்கும் நடுவே ஃபோம் இருக்கும்படி. குண்டு நின்றாலும் பேனல் உள்பக்கம் புடைக்கும். உடுப்புச் சோதனையில் களிமண்ணில் 44 மி.மீ. பள்ளம் வரை பாஸ் போடுகிறார்கள். உன் கட்டைவிரலை அளந்து பார், முக்கால் விரல் ஆழம். அந்தப் புடைப்பு விலா எலும்பில் விழுவதைவிட ஃபோமில் விழட்டும். சோதனையில் விளிம்பை ஒட்டிச் சுடுவதும் கிடையாது, இரண்டு மூன்று அங்குலம் உள்ளே தள்ளித்தான். ஆகவே பேனல் ஆளைவிட ஒரு சாண் அகலமாக இருக்கட்டும்.

ஒருமுறை எங்கள் பட்டறைக்கு ஒரு வண்டி சீட் கிழிந்து தைக்க வந்தது. டிரைவர் சீட்டில் பேனல் இருந்ததே அதிசயம் என்று வெளியே இழுத்தேன். செராமிக் முகம் உள்பக்கம், டிரைவர் முதுகைப் பார்த்து. மேலே பெரிய எழுத்தில் ஸ்டிரைக் ஃபேஸ், அதாவது குண்டு படும் முகம், என்று ஆங்கிலத்தில் அச்சு. டிரைவர் பெஷாவர்க்காரர், அந்த எழுத்து அவருக்குக் கம்பெனிப் பெயர் மாதிரி. கெட்டியான செராமிக் முதலில் குண்டின் மூக்கை உடைக்க வேண்டும், பின்னால் இருக்கும் நார் அடுக்கு துண்டுகளைப் பிடிக்க வேண்டும். திருப்பிப் போட்டால் இரண்டுக்கும் வேலை இல்லை. எத்தனை மாதம் அப்படி ஓட்டினாரோ. அன்றிலிருந்து நான் குண்டு வரும் பக்கத்துக்குச் சிவப்புத் துணி வைத்தேன். உட்கார்ந்த ஆள் ஒன்று, அம்புக்குறி ஒன்று என்று படமும் தைத்தேன். பட்டையின் கொக்கியையும் ஒரு பக்கம் மட்டுமே சேரும்படி மாற்றினேன். முதலில் என்னைக் கேலி செய்தார்கள். "பிஸ்டலுக்கு மட்டும்" என்று எழுதித் தைத்தபோது கேலி கோபமாயிற்று, விற்பனை குறையுமாம். நீயும் எழுதித் தை. தமிழிலும் இந்தியிலும்.

கடைசியாக ஒரு வேலை. நாளைக் காலை உனக்கு ஆர்டர் வந்த வண்டியின் டிரைவரை உட்காரவைத்து, தோள் முதல் இடுப்பு வரை அளவெடு. கியர் போடும்போதும் வண்டியைத் திருப்பும்போதும் முழங்கை எங்கே போகிறது என்று சாக்பீஸால் சீட்டிலேயே கோடு போட்டுக்கொள். சீட்டின் கதவுப் பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று சின்னத் துணி லேபிள் இருக்கிறதா பார். இருந்தால் அந்த ஓரத்தை மூடாதே, மூடினால் பை விரிய வழியிருக்காது. அந்த லேபிளையும் சாக்பீஸ் கோட்டையும் கிட்டத்தில் படமெடுத்து எட்டாவது, ஒன்பதாவது படமாக அனுப்பு. பின் சீட்டைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்