வலவரும் மீட்டழைப்பும்

இராமநாதபுரத்தினின்று மண்டபம் நோக்கிச் செல்லும் பெருவழியில் உச்சிப்புளி என்னும் ஊர் உளது. அதனையடுத்துக் கடற்படையின் வானூர்தித் தளமொன்று 2009-ஆம் ஆண்டு முதல் ‘பருந்து’ என்னும் பெயர் பூண்டு விளங்குகின்றது. ஆங்கிருந்து எழும் ஊர்திகளுட் சில ஆளின்றியே பறப்பன. செலுத்துவோனின்றி வானிற் செல்லும் ஊர்தியைப் பற்றிய கற்பனை புறநானூற்றிலேயே உண்டென்று எம் ஆசிரியர் வகுப்பிற் கூறியபொழுது, உச்சிப்புளிப் பக்கத்து மாணவர் இருவர் ஒருவரையொருவர் நோக்கி நகைத்தனர். அவ்வூர்தி ஈண்டு எமக்குப் பொருளன்று. செலுத்த வல்லவன் இருந்தும் அவனுக்கு ஊர்தி இல்லாதொழியும் காலமே எமக்குப் பொருள்.

விமானி என்று செய்தித்தாள்கள் வழங்குவோரை, தேர் செலுத்துவோனுக்குரிய பழஞ்சொல்லால், வலவர் என்றே இக்கட்டுரையிற் குறிப்போம். பயணம் குன்றிய காலத்தில் விமான நிறுவனங்கள் வலவரை முற்றும் நீக்கிவிடாமலும், ஊதியம் கொடாமலும், பின்னர் அழைப்பதாகக் கூறி வீட்டுக்கு அனுப்புவதுண்டு. அங்ஙனம் அனுப்பப்பட்டார் முன் மூன்று வழிகள் உள. அழைப்பு வருமளவும் காத்திருத்தல் ஒன்று. படைப்பணியிற் புகுந்து, பழைய இடத்தை இழவாது விடுப்பிலிருத்தல் மற்றொன்று. பணியையே துறந்து வேறிடம் நாடுதல் பிறிதொன்று. இவற்றுள் எது தக்கதென்பது ஊதியத்தைப் பொறுத்ததென்றே யாமும் முதலில் எண்ணினோம். ஆராயுங்கால், திரும்பி வரும் உரிமை எத்துணை உறுதியாய் உளது என்பதையே அது பெரிதும் பொறுத்ததென்று காண்கின்றோம்.

யாம் பள்ளிச் சிறாராயிருந்த 2020-ஆம் ஆண்டில், பாம்பனில் எம் இல்லத்துக்கு அணித்தே வாழ்ந்த விசைப்படகு உரிமையாளர் ஒருவரின் மைந்தர் இந்நிலையில் ஊர் திரும்பினார். அவர் ஒரு விமான நிறுவனத்தில் துணைவலவர். பெருந்தொற்றினால் அவ்வாண்டு மார்ச்சு 25 முதல் இரண்டு திங்கள் இந்தியாவினுள் பயணிகள் விமானப் போக்குவரவு நின்றது. மே 25-இல் மீண்டும் தொடங்கியபின்னும் பறந்த ஊர்திகள் சிலவே. ஊதியமில்லா விடுப்பில் இருக்குமாறு அவருக்கு மடல் வந்தது. எந்நாள் வரை என்பது அம்மடலில் இல்லை.

மாலைதோறும் அவர் தந்தையாருடன் கரையில் அமர்ந்திருப்பார். ஒருநாள் தந்தையார், “தம்பி, எங்கள் தடைக்காலத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள், உன் தடைக்காலத்துக்கு நாள் குறித்தவர் யார்?” என்று வினவினார். மைந்தர் விடையொன்றும் கூறவில்லை. அருகில் நின்ற எமக்கு அவ்வினா அன்று விளங்கவில்லை; இக்கட்டுரைக்கு வித்து அதுவே.

நம் கரையோரத்தார்க்கு வேலையின்றி இருத்தல் புதிதன்று. மீன்கள் இனம் பெருகும் பருவம் கருதி, ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகள் கடலுட் செல்லலாகாது என்பது விதி. முன்பு 45 நாளாயிருந்த தடை 2017 முதல் 61 நாளாயிற்று. அந்நாட்களிற் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பர், வலை முடைவர், சிலர் மேலைக் கடற்கரைக்குச் சென்று பிறர் படகில் உழைப்பர். ஆயினும் தடை நீங்கும் நாளன்று அவரவர் படகுக்கு அவரவர் திரும்புவர். உரிமையாளரிடம் முன்பணம் பெற்ற தொழிலாளி அதனைத் தீர்க்காமல் வேறு படகேறுதல் வழக்கமன்று. அம்முன்பணம் ஒருவாறு தளையே. ஆனால் இடம் உண்டென்பதற்கு அதுவே அடையாளமுமாம். வலவருக்கோ தளை மட்டும் உண்டு. பல இலட்ச ரூபாய் கடன்பட்டுப் பயிற்சி பெற்றிருப்பர்; கடனுக்குரிய தவணை தடைக்காலம் அறியாது.

இன்னொரு வேறுபாடும் உளது. இரண்டு திங்கள் கடல் செல்லாத மீனவன் வலை வீச மறவான். வலவனோ முந்திய 90 நாட்களுள் மூன்று முறையேனும் ஊர்தியை எழுப்பியும் இறக்கியும் பழகியிராவிடின் பயணிகளை ஏற்றிச் செல்ல ஒண்ணாது. ஆறு திங்களுக்கொருமுறை திறமைச் சோதனையும் உண்டு. உரிய காலத்தில் மருத்துவச் சோதனையும் வேண்டும். ஆதலால் வீட்டிற் காத்திருப்போன் நாடோறும் தன் தகுதியைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டே காத்திருக்கின்றான். பாவனைப்பொறியிற் பயின்று அதனைப் புதுப்பிக்கலாம். அதற்கும் பொருள் வேண்டுமன்றோ!

அமெரிக்க நாட்டில் இம்முறை நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. அங்கு வலவருக்கெல்லாம் பணியிற் சேர்ந்த நாள் பற்றிய வரிசையெண் உண்டு. ஊதியம், ஊர்தி வகை, தலைமைப் பதவி, விடுமுறை நாள் யாவும் அவ்வெண்ணையே தொடரும். வேலை குறையின் கடையெண்ணினர் முதலில் நிறுத்தப்படுவர். வேலை பெருகின் நிறுத்தப்பட்டாருள் மூத்தவர் முதலில் அழைக்கப்படுவர். பணியைத் துறந்து வேறு நிறுவனத்திற் சேர்ந்தால், இருபதாண்டு பறந்தவரும் அங்கே கடையெண்ணினராவர். ஓரெண் என்பது சிறிதெனத் தோன்றலாம். இராமேசுவரத்தில் 1931-இற் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்சு பள்ளியிலும் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிலும் பயின்ற அப்துல் கலாம் அவர்கள், வான்படை வலவராக விழைந்து டேராடூனுக்குத் தேர்வுக்குச் சென்றார். இருந்த இடங்கள் எட்டு. அவர் ஒன்பதாமவராய் நின்றார். அவ்வோரெண்ணால் நாடு பெற்ற பயன் பெரிதாயினும், அன்று அவர் நெஞ்சம் பட்ட துன்பத்தை அவரே எழுதியுள்ளார்.

படைவிடுப்பு என்னும் நடுவழியும் அமெரிக்காவில் திண்ணமாக வகுக்கப்பட்டுள்ளது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, படைப்பணிக்குச் சென்ற ஊழியன் பொதுவாக மொத்தம் ஐந்தாண்டு வரை சென்று மீளலாம். மீண்டபொழுது, அவன் விட்ட படியில் அன்று, இடையறாது பணி செய்திருப்பின் எப்படியை எய்தியிருப்பானோ அப்படியில் அவனை நிறுத்தல் வேண்டும். 2001 செப்டம்பருக்குப் பின் ஆயிரக்கணக்கான வலவர் வேலை நிறுத்தப்பட்டபொழுது, துணைப்படைகளிற் பதிவு பெற்றிருந்த பலர் படைப்பணியை நாடினர். நிறுவனம் திரும்ப அழைக்கும்போது, இடத்தை ஏற்றுக்கொண்டு படைவிடுப்பைத் தொடர்வதா, படையைவிட்டு மீள்வதா, எண்ணையே துறந்துவிடுவதா என்னும் ஐயம் அவர்களுக்கே உரியது. ஐந்தாண்டுக் கணக்கை எண்ணியெண்ணியே அவர் முடிவு செய்தல் வேண்டும்.

நம் நாட்டில் இவ்வழி குறுகியது. 1939-இற் போர் மூண்டபொழுது வான்படைக்குத் தன்னார்வத் துணைப்படை ஒன்று அமைத்து, சென்னை முதலிய துறைமுக நகரங்களிற் கடற்கரைக் காவற்பிரிவுகளை நிறுவினர். அவ்வாண்டு அத்துணைப்படையிற் சேர்ந்த பிரதாப் சந்திர லால், 1969 முதல் 1973 வரை வான்படைத் தலைவராயிருந்து, பின்னர் இந்தியன் ஏர்லைன்சு நிறுவனத்தின் தலைவருமாயினார். பிராந்திய இராணுவத்துக்கு அழைக்கப்பட்டார்க்குப் பழைய வேலையை மீட்டளிக்கும் விதி 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. ஆயினும் வேலையற்ற வலவர் சென்று பறத்தற்குரிய இடம் அதுவன்று. படையினின்று நிறுவனத்துக்கு வருவாரே இங்குப் பலர். நிறுவனத்தினின்று படைக்குச் செல்வார் அரியர்.

ஆகலின் நம் வலவருக்கு எஞ்சுவன காத்தலும் துறத்தலுமே. காத்தலின் இடரைக் கிங்பிஷர் நிறுவனத்தார் 2012-இலும் செட் ஏர்வேசு நிறுவனத்தார் 2019 ஏப்பிரலிலும் கண்டனர். அழைக்க வேண்டிய நிறுவனமே பறத்தலை ஒழித்தபின் அழைப்புக்குக் காத்திருத்தல் எங்ஙனம்? துறத்தலின் இடரை ஏர் இந்தியா வலவர் கண்டனர். இது சற்று விரித்துரைக்கத் தக்கது.

ஊதியம் காலந்தாழ்த்தி வந்தமையால், 2019-இல் அந்நிறுவன வலவர் பலர் துறப்புமடல் அளித்தனர். துணைவலவர் ஆறு திங்களும் தலைமைவலவர் ஓராண்டும் முன்னறிவிப்புக் காலமாகப் பணியாற்றிய பின்னரே விலகலாமென்பது 2017-இல் வானூர்திப் போக்குவரத்து இயக்குநரகம் வகுத்த விதி. அக்காலம் முடியுமுன் அவருட் பலர் மனமாறித் தம் மடலைத் திரும்பப் பெற்றனர். நிறுவனமோ 2020 ஆகத்து 13-ஆம் நாள், நாற்பதின்மருக்கு மேற்பட்டாரின் துறப்பை ஏற்றுக்கொண்டதாக ஓலை விடுத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் இங்ஙனம் வேலையிழந்தார் நிலையை நாம் உய்த்துணரலாம். தில்லி உயர்நீதிமன்றம் 2021 சூன் முதல் நாள் அவ்வோலைகளைத் தள்ளி, வலவரைப் பின்னூதியத்துடன் மீண்டும் சேர்க்குமாறு ஆணையிட்டது.

இதன் அடிப்படை பழையது. அலகாபாத்து உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் 1977-இல், பின்வரும் ஒரு நாள் குறித்து அந்நாள் முதல் விலகுவதாக எழுதி, அந்நாள் வருமுன்னரே அதனை மீட்டுக்கொண்டார். அம்மீட்பு செல்லுமென்று உச்சநீதிமன்றம் 1978-இல் முடிவு கூறியது. இலக்கணம் பயில்வார்க்கு இது வியப்பன்று. விரைவும் தெளிவும் பற்றி ஒரு காலத்தை மற்றொரு காலமாகக் கூறுதலை நம் இலக்கண நூலார் வழுவமைதியாகத் தழுவுவர். இன்னும் புறப்படாதவன் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பான். பிறர் வயிற்றில் அடிப்பதற்கு அவ்வமைதி உதவாது. துறப்பேன் என்றவனைத் துறந்தான் என்று கொள்ளுதல் வழுவேயாம்.

காலச்சக்கரம் விரைந்து சுழன்றது. 2023-இல் ஆகாசா ஏர் நிறுவனத்தினின்று 43 வலவர் முன்னறிவிப்புக் காலம் முடிக்காமலே சென்றமையால், நிறுவனமே மும்பை உயர்நீதிமன்றத்தை அணுகியது. மூன்றாண்டின் முன் இடமின்றி அலைந்தவர் தொழில் அன்று ஆளின்றித் தவித்தது. அங்ஙனம் சென்றாரை யாம் முழுதும் புகழோம். பறப்புகள் தடைப்பட்டு இடருற்ற பயணிகளும் மக்களே. எனினும் நாள் குறியாத விடுப்பைக் கண்ட தொழிலாளர் நாள் குறித்த கடமையை மதியாராயின், அப்பழக்கத்தை முதலிற் கற்பித்தவர் யாவர் என்னும் வினாவும் எழும்.

பாம்பன் அன்பரும் துறப்புமடல் ஒன்று எழுதி வைத்திருந்தார். வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளியொன்றில் இடம் இருப்பதாக ஒருவர் கூறியதை நம்பி எழுதியது அது. தந்தையார் அதனை வாங்கிப் படகின் பதிவுச்சீட்டு முதலிய தாள்களோடு தகரப் பெட்டியில் வைத்து, மழைக்காலம் கழியட்டும் என்றார். 2021 சனவரியில் நிறுவனம் அழைத்தது. குறைந்த ஊதியமே தருவதாக அழைத்தது. பாவனைப்பொறிச் சோதனைக்கு முதல்நாளிரவு அவர் இராமேசுவரம் விரைவு வண்டியில் சென்னைக்குப் புறப்பட்டார். பழைய ஊதியம் மீள ஓராண்டுக்கு மேலாயிற்றென்று சென்ற கிறித்துமசு விடுமுறையில் எம்மிடம் கூறினார். மடல் இன்னும் அப்பெட்டியிலேயே உளது.