வானில் ஒரு செய்திக் கோபுரம்

மலைச்சரிவிலே வாழும் குடியானவர் ஒருவர் அவசரமாக மருத்துவரை அழைக்க வேண்டியிருக்கிறது. கையில் தொலைபேசி இருக்கிறது. ஆனால் அருகில் கோபுரம் இல்லை. அக்கோபுரத்தை வானிலேயே நிறுத்த முடியுமா? கென்யா நாட்டில் நடந்த ஒரு முயற்சியைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

உயரத்தின் பயன்

கம்பியில்லாத் தொடர்புக்குரிய அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. குன்று குறுக்கிட்டால் தடைப்பட்டுவிடும். விளக்கை உயர வைத்தால் ஒளி அதிக தூரம் பரவுகிறதல்லவா? அதுபோலவே கருவியை உயர்த்த உயர்த்த, தொடர்பு எட்டும் பரப்பும் விரிகிறது. கூகிள் நிறுவனத்தில் 2011-இல் தோன்றிய 'லூன்' திட்டம், பயணிகள் விமானங்களுக்கும் மேலே, சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் பலூன்களை மிதக்கவிட்டது.

இயங்கிய விதம்

ஒவ்வொரு பலூனும் டென்னிஸ் ஆட்டக்களத்தின் அளவுடையது, பாலிதீனால் ஆனது. அதனடியில் தொங்கிய கருவிகளுக்குப் பகலில் சூரிய ஒளி மின்சாரம் தந்தது. இரவுக்கு மின்கலம் உதவியது. கைபேசியிலிருந்து புறப்பட்ட செய்தி பலூனை அடைந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, முடிவில் தரை நிலையத்தைச் சேர்ந்தது.

பலூனைத் திருப்ப இயந்திரம் எதுவும் இல்லை. வானில் அடுக்குக்கு அடுக்கு காற்று வெவ்வேறு திசையில் வீசுகிறது. பலூனுக்குள் காற்றை ஏற்றினால் பாரம் கூடி இறங்கும். வெளியேற்றினால் மேலே ஏறும். இவ்வாறு வேண்டிய காற்றைத் தேடிப் பிடித்து அதன் வழியே சென்றது. காற்றறிந்து பாய் விரிக்கும் படகோட்டியின் கலை இதுவே எனலாம். ஒரு பலூன் 312 நாட்கள் வானில் தங்கியது.

பலனும் பாடமும்

2017 செப்டம்பரில் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியபோது, கைபேசிக் கோபுரங்களில் நூற்றுக்கு 95-க்கு மேல் செயலிழந்தன. அந்த இக்கட்டில் லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இப்பலூன்கள் தொடர்பளித்தன. 2020 ஜூலையில் கென்யாவில் வணிகச் சேவை தொடங்கிற்று. சுமார் 35 பலூன்களைக் கொண்டு, ஏறத்தாழ 50,000 சதுரக் கிலோமீட்டர் பரப்புக்குத் தொடர்பளிப்பதே அதன் நோக்கம். ஆயினும் 2021 ஜனவரியில் திட்டத்தை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. மார்ச்சில் சேவை நின்றது.

கருவி தோற்கவில்லை, செலவுதான் கட்டுப்படியாகவில்லை. மேலும், நான்காம் தலைமுறைக் கைபேசி இல்லாத ஏழைக்குத் தலைக்கு மேலே பலூன் நின்றும் பயனில்லை. ஆபத்துக் காலத்தில் விரைந்து உதவுவது வேறு. ஆண்டு முழுவதும் நிலைத்து உழைப்பது வேறு. ஆகவே, எப்புதுமை ஊருக்கு வந்தாலும், அது கடைசிக் குடிசையை எட்டுமா, அதன் பராமரிப்புச் செலவை யார் ஏற்பார் என்ற இரு கேள்விகளையும் நாம் முதலிலேயே கேட்டுக்கொள்வோமாக.