டேனிஷ் ரேடியோ சொற்கள் ஆங்கிலத்தில்

பழைய டேனிஷ் ரேடியோ கட்டுரை ஒன்றை ஆங்கிலத்தில் மாற்றித் தரும்படி நண்பர் கேட்டார். எனக்கு டேனிஷ் தெரியாது. கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று ஒப்புக் கொண்டேன். அப்போது கற்றுக் கொண்டதை இங்கே தருகிறேன்.

1. எழுத்துகளைச் சரியாக டைப் செய்யுங்கள்: டேனிஷில் ஆங்கிலத்தில் இல்லாத மூன்று எழுத்துகள் உண்டு. விண்டோஸில் நம் லாக்கை இயக்கி, ஆல்ட் கீயை அழுத்தியபடியே கீபோர்டின் வலப்பக்க எண் கீகளில் 0248 என டைப் செய்யுங்கள். ஆல்ட் கீயை விட்டவுடன் குறுக்குக் கோடு போட்ட 'ஓ' கிடைக்கும். 0230 என்றால் 'ஏ'யும் 'இ'யும் ஒட்டிய எழுத்து; 0229 என்றால் தலையில் வளையம் உள்ள 'ஏ'. வெறும் 'ஓ', 'ஏ' போட்டுத் தேடினால் வேறு சொல் வரலாம்; எதுவுமே வராமலும் போகலாம்.

2. நீளமான சொல்லைப் பிரியுங்கள்: டேனிஷில் சொற்களைச் சேர்த்தே எழுதுவார்கள். 'பொல்யெ' என்றால் அலை, 'லெங்டெ' என்றால் நீளம். இரண்டும் சேர்ந்தால் 'வேவ்லெங்த்'.

3. பிரித்தபின் அப்படியே மாற்றாதீர்கள்: 'மெலெம்' என்றால் இடையில். அதற்காக 'மெலெம்பொல்யெ'யை 'பிட்வீன் வேவ்' என்று எழுதக் கூடாது. 'மீடியம் வேவ்' தான் சரி. 'லியூஸ்பூஎ' என்ற சொல்லில் வெளிச்சமும் வில்லும் இருக்கின்றன. நான் முதலில் 'லைட் போ' என்று எழுதிவிட்டேன். டென்மார்க் பொறியாளர் வால்டெமார் பவுல்சன் 1903-இல் உருவாக்கிய டிரான்ஸ்மிட்டர் பற்றிய பகுதி அது. ஆங்கிலத்தில் 'பவுல்சன் ஆர்க்' என்பார்கள். எனவே 'ஆர்க்' என்று திருத்தினேன்.

4. எண்களைக் கவனியுங்கள்: இங்குதான் பெரிய ஆபத்து. நாம் புள்ளி வைக்கும் இடத்தில் டேனிஷ்காரர்கள் கமா வைப்பார்கள். ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள். டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நிலையம் ஒரு காலத்தில் 243 கிலோஹெர்ட்ஸ் லாங் வேவில் ஒலிபரப்பியது. அதன் அலைநீளம் '1.234 மீட்டர்' என்றிருந்தது. அதை அப்படியே விட்டிருந்தேன். சந்தேகம் வந்து கால்குலேட்டரைத் திறந்தேன். 299792-ஐ கிலோஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 243-ஆல் வகுத்தேன், விடை சுமார் 1,234. ஒன்றேகால் மீட்டர்கூட இல்லை என்று எழுதியிருந்தது உண்மையில் ஒன்றேகால் கிலோமீட்டர்! ஒரு புள்ளியால் ஆயிரம் மடங்கு தவறு.

மொழிபெயர்ப்பு புரோகிராம் கொடுக்கும் விடையிலும் எண்களை இப்படிச் சரிபாருங்கள். கால்குலேட்டர் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. ஒரு நிமிடம் கூட ஆகாது.