இழுவண்டியின் முன்பாரமும் மின்மிதிவண்டிகளும்

மாட்டுவண்டி ஓட்டுவோர் மூட்டைகளை ஏற்றி முடித்ததும் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பது வழக்கம். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் பிடரியை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். மோட்டார் காரின் பின்னே பூட்டி இழுக்கப்படும் கேரவன் வண்டிக்கும் இவ்விதியே பொருந்தும். ஆயினும் மாடு தன் துன்பத்தை உடனே காட்டிவிடும். காரிலோ வேகம் கூடும்வரை பிழை மறைந்தே கிடக்கும்.

கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. தனக்கென எஞ்சின் உடைய கேரவனுக்கு முன்பாரக் கணக்கு இல்லை; இழுத்துச் செல்லப்படும் வகைக்கே அது உண்டு. திருவனந்தபுரத்தில், புகைவண்டி நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்த தம்பானூரிலிருந்து ஒரு குடும்பம் அத்தகைய வண்டியுடன் பொன்முடிக்குப் புறப்படுவதாகக் கொள்க. நெடுமங்காடு, விதுரை வழியாகச் செல்லும் பாதை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அதன் இறுதிப் பகுதியில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவ்வளைவுகளில் இழுவண்டியை ஏற்றுவது அறிவுடைமையன்று. ஆதலின் அதனை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு மின்மிதிவண்டிகளில் மலையேறக் கருதி, இரண்டினை வண்டியின் பின்புறச் சட்டத்தில் கட்டுகின்றனர்.

வண்டியின் மொத்த எடை 1,000 கிலோகிராம். காரின் கொக்கிமீது அமரும் முன்பாரம் 120 கிலோகிராம். அச்சிலிருந்து கொக்கி 4 மீட்டர் முன்னும், சட்டம் 3 மீட்டர் பின்னும் உள்ளன. மிதிவண்டிகளும் சட்டமும் சேர்ந்து 60 கிலோகிராம். நெம்புகோல் விதிப்படி 60ஐ 3ஆல் பெருக்கி 4ஆல் வகுக்க, 45 வரும். முன்பாரம் அவ்வளவு குறைந்து 75 ஆகிறது. மொத்த எடையோ 1,060 ஆகிவிட்டது. நூற்றுக்கு 12 ஆக இருந்த விகிதம் 7 ஆயிற்று.

இவ்வகை வண்டிக்கு நூற்றுக்கு 10 முதல் 15 வரை முன்பாரம் வேண்டுமென்பது அமெரிக்க வழக்கு. ஐரோப்பிய வண்டிகளுக்கு இதனினும் குறைந்த அளவே கொள்ளப்படுகிறது. எவ்வாறாயினும், காரிலும் கொக்கியிலும் குறிக்கப்பட்டுள்ள உச்சவரம்பை மீறலாகாது. அவ்வண்டிக்கு உரிய அளவினும் முன்பாரம் குறையின், இறக்கத்திலோ, பெரிய லாரி கடக்கும்போது எழும் காற்றிலோ வண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கும். அப்போது வேகத்தைக் கூட்டுவதும், கார் பிரேக்கைத் திடீரென மிதிப்பதும் அபாயம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானே தணிய விடுதல் வேண்டும். இழுவண்டிக்குத் தனி பிரேக் இருப்பின் அதனை மட்டும் மெல்ல இயக்கலாம்.

அதே சுமையை முன்புற ஏர்க்கால்மீது, அச்சிற்கு 3.2 மீட்டர் முன்னே வைத்தால், முன்பாரம் 168 ஆகி, விகிதம் 16ஐ நெருங்கும். காரின் பின்பகுதி தாழும். முன்சக்கரங்கள் சாலையைப் பற்றும் வலிமை குறையும். பின்னே 2 மீட்டரில் இருந்த 40 கிலோகிராம் சாமானை முன்னே 2 மீட்டருக்கு மாற்றுவது மற்றொரு வழி. முன்பாரம் 115க்கு உயரும். கணக்கு சரியாகிவிட்டது எனினும் குறை முற்றிலும் நீங்கவில்லை. அச்சுக்கு வெகுதூரத்தில் தொங்கும் பாரம், ஆட்டம் தொடங்கிவிட்டால் அதனை எளிதில் அடங்கவிடாது. இடமிருப்பின், மிதிவண்டிகளை வண்டிக்குள் அச்சின்மேல் படுக்கவைத்து இறுகக் கட்டுவதே சிறந்தது.

முன்பாரத்தை அளக்கப் பெரிய தராசு வேண்டுவதில்லை. ஓர் உறுதியான மரச்சட்டத்தின் ஒருமுனையைச் செங்கல்மீதும், மறுமுனையை 120 சென்டிமீட்டர் தள்ளி ஆள் எடை பார்க்கும் கருவிமீதும் வைத்து, அப்போது காட்டும் எடையைக் குறித்துக்கொள்க. காரிலிருந்து கழற்றிய வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, செங்கல்லிலிருந்து 40 சென்டிமீட்டரில் வண்டியின் இணைப்பு முனையை இறக்குக. கூடிய எடையை 3ஆல் பெருக்க, முன்பாரம் கிடைக்கும். மாணவர்கள் இதனைப் பள்ளியிலேயே சிறு அளவில் செய்து பார்க்கலாம். மிதிவண்டிகளை ஏற்றியபின் அளப்பதே பயனுடையது. ஏற்றுமுன் அளந்து திருப்தியடைவோரே பலர்.

இலேசான மிதிவண்டிக்கென அமைந்த சட்டம் 20 கிலோகிராமுக்கு மேற்பட்ட மின்மிதிவண்டியைத் தாங்காது. பள்ளங்களில் பின்முனை துள்ளுவதால் சுமை பன்மடங்காகும். பாட்டரிகளைக் கழற்றிக் காருக்குள் வைத்தல் நன்று. சட்டத்தின் பாரம் சற்றுக் குறைவதோடு, மழைநீரும் சாலைப்புழுதியும் மின்முனைகளைத் தாக்கா. வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் அவற்றை நெடுநேரம் விட்டுவைத்தல் ஆகாது.