பீடைநாசினியின் கேட்டை எண்ணால் அளத்தல்

கமக்காரர் கடையில் வாங்கும் பீடைநாசினி பீடையை மட்டும் தாக்குவதன்று. தெளிப்பவரையும், விளைவை உண்போரையும், மீன், பறவை, தேனீ, பீடையைத் தின்னும் சிலந்தி முதலியவற்றையும் அது தாக்கும். இக்கேடுகள் யாவற்றையும் ஒன்றுசேர்த்து ஓர் எண்ணாகக் காட்டும் முறையை அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் 1992 இல் வெளியிட்டனர். எண் கூடினால் கேடும் கூடும்.

ஆயினும் மருந்தின் எண்ணை மாத்திரம் நோக்கி முடிவு செய்யலாகாது. அதனை மருந்திலுள்ள நஞ்சின் வீதத்தாலும், ஏக்கருக்கு இடும் அளவாலும், தெளிக்கும் தடவைகளாலும் பெருக்குதல் வேண்டும். அவர்கள் காட்டிய உதாரணத்தில் காபரிலின் எண் 22.6, எண்டோசல்பானின் எண் 40.5. இரண்டும் நூற்றுக்கு 50 வீதம் நஞ்சுடைய தூள்கள். ஏக்கருக்கு முன்னையது 6 இறாத்தலும் பின்னையது 3 இறாத்தலும் ஒருமுறை இடப்படின், வயலில் விளையும் கேடு முறையே 67.8, 60.8 ஆகும். சாதுவானதெனத் தோன்றிய மருந்தே அளவு மிகுந்தமையால் முந்திவிட்டது! (இது கணக்கை விளக்குதற்கே கூறப்பட்டது. எண்டோசல்பான் இலங்கையில் 1998 இல் தடைசெய்யப்பட்டது.)

மிளகாய், போஞ்சி செய்வோர் சிலர் பலன் போதாதென்று, சுட்டுத்துண்டிற் கண்ட அளவினும் இருமடங்கு கலப்பதுண்டு. கேட்டின் எண்ணும் அவ்வாறே இருமடங்காகும். மூன்று முறை தெளித்தால் ஆறு மடங்காகும். வயல்நீர் வாய்க்காலில் வடியுமிடத்து மீன்களும் மடியக்கூடும்.

ஆகவே, தெளிக்குமுன் செடிகளைப் புரட்டிப் பார்த்துப் பீடைகளை எண்ணுக. சேதம் சிறிதாயின் தெளியாது விடுக. ஐயமுண்டாயின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டறிக.