சாட் நாட்டில் களப்பணியா? மழையைக் கேட்டுத் தேதி குறியுங்கள்

"அக்டோபரில் சாட் போய் வா. மூன்று வாரம். வடக்கே பாலைவனம், தெற்கே புல்வெளி, இரண்டையும் முடித்துவிடு." ஆவணப்படக் குழுவுக்கோ வனவிலங்கு ஆய்வாளருக்கோ தொண்டு நிறுவனப் பணியாளருக்கோ இப்படி ஓர் உத்தரவு வந்ததும், பலர் முதலில் விமான டிக்கெட் விலையைத்தான் பார்ப்பார்கள். சாட் விஷயத்தில் டிக்கெட் கடைசி வேலை. முதல் வேலை, அந்த நாட்டின் மழையைப் புரிந்துகொள்வது.

மத்திய ஆப்பிரிக்காவில் கடற்கரையே இல்லாத நாடு சாட். பரப்பு சுமார் 12,84,000 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. வடக்கே சகாரா, நடுவே சாஹேல், தெற்கே சவன்னா. நடுப்பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. தெற்கில் மே மாதமே தொடங்கி அக்டோபர் வரை நீளும். நமக்கு ஐப்பசி அடைமழை தொடங்கும் நேரத்தில் அங்கே வானம் வெளுத்திருக்கும். ஆனால் மழை விட்டாலும் தண்ணீர் உடனே வடியாது. தலைநகர் என்ஜமேனா, சாரி, லோகோன் ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது. 2022 அக்டோபரில் அந்த ஆறுகள் பெருக்கெடுத்ததால் நாட்டில் அவசரநிலையே அறிவிக்க வேண்டியிருந்தது.

எந்த மாதம், எந்த வேலை?

செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை: வோடாபே மேய்ப்பர்களின் கெரெவோல் விழாக் காலம். ஆண்கள் முகத்தில் வண்ணம் பூசி, வரிசையாக நின்று ஆடுவார்கள். அழகனைத் தேர்ந்தெடுப்பது பெண்கள். விழா எங்கே, என்றைக்கு என்பதை அந்த ஆண்டின் மழையும் மேய்ச்சலும் முடிவு செய்யும். இதைப் படமெடுக்கப் போகிறவர்கள் கையில் சில நாட்கள் உபரியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை: வடகிழக்குப் பாலைவனத்துக்கு ஏற்ற காலம் தொடங்குகிறது. 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த என்னெடி பீடபூமியில் காற்றும் நீரும் குடைந்த மணற்பாறை வளைவுகளும் பழங்காலப் பாறை ஓவியங்களும் உள்ளன. அங்குள்ள அர்ஷே சுனையில் ஒட்டகக் கூட்டங்கள் நீர் குடிக்க, அதே நீரில் சில முதலைகள் இன்னும் உயிர் வாழ்கின்றன. அதற்கும் வடக்கே, 2012இல் பட்டியலில் சேர்ந்த 18 ஊனியாங்கா ஏரிகள். நவம்பருக்குப் பின் ஹர்மட்டான் காற்று புழுதியை வாரி இறைக்கும். கேமராக்காரர்கள் அதற்குள் முடித்துக்கொள்வது நல்லது.

நவம்பர் கடைசிக்குப் பின்: தென்கிழக்கில் உள்ள ஸகூமா தேசியப் பூங்கா. 1963இல் உருவான இந்தப் பூங்காவின் பரப்பு சுமார் 3,000 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தில் பெரும்பகுதி நீருக்கடியில் போய்விடும். பாதைகள் காய்ந்த பிறகுதான் வண்டி ஓடும். 2002இல் நாலாயிரத்துக்கு மேல் இருந்த யானைகள், தந்தக் கொள்ளையால் 2010இல் சுமார் 450 ஆகக் குறைந்தன. அந்த ஆண்டு பூங்கா நிர்வாகத்தை ஆப்பிரிக்கன் பார்க்ஸ் அமைப்பு ஏற்றது. அதன்பின் யானைகள் மீண்டும் பெருகுகின்றன. வனப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் நேரில் பார்த்துக் கற்க வேண்டிய இடம்.

ஆகவே விதி எளிது: வடக்கு முதலில், தெற்கு பிறகு. "அக்டோபரிலேயே இரண்டும் வேண்டும்" என்று மேலதிகாரி சொன்னால், தயங்காமல் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். பயணத்தை நவம்பர் நடுவுக்குத் தள்ளலாம், அல்லது தெற்கை அடுத்த தவணைக்கு வைக்கலாம் என்று இரண்டு வழிகளையும் செலவோடு முன்வையுங்கள். முடியாததை ஒப்புக்கொண்டு பாதி வழியில் சேற்றில் நிற்பதைவிட இது உங்கள் பெயருக்கும் நல்லது.

மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டியவை

1. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அது இல்லாமல் ஊர் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம்.

2. விசாவும் அழைப்புக் கடிதமும். உங்களை அழைக்கும் அமைப்போ, உள்ளூர்ப் பயண நிறுவனமோ தரும் கடிதம் பிரெஞ்சில் இருக்கட்டும். பிரெஞ்சும் அரபும்தான் ஆட்சிமொழிகள்.

3. உள்நாட்டு அனுமதிகள். தலைநகரை விட்டு வெளியே போக அனுமதி, படமெடுக்க அனுமதி, வந்திறங்கியதும் காவல்துறையில் பதிவு ஆகியவற்றை அங்குள்ள முகவர் வழியாக முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். எல்லாவற்றிலும் பத்து நகல் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஒன்று கேட்பார்கள்.

4. விடுமுறைகள். நவம்பர் 1, நவம்பர் 28, டிசம்பர் 1 ஆகியவை பொது விடுமுறை. வெள்ளி மதியம் தொழுகை நேரம். கையெழுத்து வாங்கும் வேலையைத் திங்கள் முதல் வியாழன் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

5. காப்பீடு. அவசரத்தில் விமானத்தில் மீட்டுக் கொண்டுவரும் வசதி உள்ள காப்பீடே எடுங்கள். மழை விட்ட இந்த மாதங்களில் மலேரியா கடுமையாக இருக்கும். தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கி, ஊர் திரும்பிய பிறகும் அவர் சொல்லும் நாள் வரை விடாமல் சாப்பிடுங்கள்.

பாதையில்

என்ஜமேனாவிலிருந்து என்னெடியின் வாசலான ஃபடா ஊருக்குச் சுமார் ஆயிரம் கிலோமீட்டர். மூன்று, நான்கு நாள் ஆகும். ஒற்றை வண்டியில் போகவே போகாதீர்கள். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகள் குறைந்தது இரண்டு வேண்டும். குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கணக்கிடுங்கள். சாட்டிலைட் போனை இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம். அனுமதியின்றி அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். அங்கேயே முறைப்படி வாடகைக்கு எடுக்க முகவரிடம் சொல்லுங்கள்.

பணம் மத்திய ஆப்பிரிக்க சி.எஃப்.ஏ. பிராங்க். ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்பது நிலையான மதிப்பு. மேற்கு ஆப்பிரிக்க பிராங்கும் அதே மதிப்புதான், ஆனால் அந்த நோட்டு அங்கே செல்லாது. யூரோ ரொக்கமாகக் கொண்டுபோய்த் தலைநகரிலேயே மாற்றிவிடுங்கள். வெளியூரில் அட்டையை நம்ப முடியாது.

சாட் ஏரிப் பகுதியும் லிபியா, சூடான் எல்லைகளும் ஆபத்தானவை. திபெஸ்தி மலைப்பகுதியில் பழைய போரின் கண்ணிவெடிகள் இன்னும் புதைந்திருக்கின்றன. வழிகாட்டி போகாத தடத்தில் கால் வைக்காதீர்கள்.

மனிதர்களோடு

வேலையைப் பற்றிப் பேசும் முன் நலம் விசாரியுங்கள். வீடு, பிள்ளைகள், ஆடுமாடு எல்லாவற்றையும் கேட்டபின்தான் பேச்சு தொடங்கும். அதை நேர விரயமாக நினைப்பவருக்கு அங்கே கதவு திறக்காது. பாலம், விமான நிலையம், அரசுக் கட்டடம், படைவீரர் எதையும் படம் எடுக்காதீர்கள். மனிதர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். கம்பு மாவிலோ சோள மாவிலோ கிண்டிய களி உருண்டையை வெண்டைக்காய்க் குழம்போடு தருவார்கள். வலக்கையால் சாப்பிடுங்கள். நம் ஊர்க்காரருக்கு இதில் பழகிக்கொள்ள எதுவுமே இல்லை.

பயணம் உறுதியானால் இன்றைக்கே இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். தடுப்பூசிக்குப் பதிவு செய்யுங்கள். வடக்கு, தெற்கு, தேதி மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி மேலதிகாரியின் ஒப்புதலைப் பெறுங்கள். டிக்கெட்டை அதன்பிறகு எடுத்துக்கொள்ளலாம்.